பம்பைக்கு ஒரு பங்கு

எங்கள் பேண்டின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்பதே இன்னும் தீராத தகராறு. 2018 முதல் 2023 வரை தருமபுரியில் நான்கு பேர் சேர்ந்து ஒரு பங்க் பேண்ட் நடத்தினோம். நான் டிரம்ஸ். "பையன் பங்க்ல இருக்கான்" என்று என் அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி, எந்த பெட்ரோல் பங்க், சம்பளம் எவ்வளவு என்று அவர்கள் விசாரித்த காலம் அது. அந்த ஐந்து வருடத்தில் என் கையிலிருந்து போனது 1,12,100 ரூபாய். திரும்பி வந்தது 25,500. இடது காதில் ஒரு கீச்சொலி நிரந்தரமாகத் தங்கிவிட்டது. மற்ற மூன்று நண்பர்களில் இரண்டு பேர் இப்போது எதிரே வந்தால் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். பேண்ட் ஆரம்பிக்க நினைக்கும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன். எங்களிடம் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. உண்மையில் ஒருவர் சொன்னார், நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

ஆரம்பம் கிதார்க்காரனால். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்ததல்லவா, அதற்குத் தனியாகப் போய்விட்டு, தொண்டை கட்டிப்போய் திரும்பி வந்தான். அவர்கள் பங்க் இல்லை. கானா, ராப், ராக் எல்லாம் கலந்தவர்கள், வாசிக்கத் தெரிந்தவர்கள். எங்கள் நால்வரில் யாருக்கும் ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. அதனால்தான் பங்க். 1970களின் பாதியில் நியூயார்க்கிலும் லண்டனிலும் ரமோன்ஸ், கிளாஷ் போன்றவர்கள் கிளப்பிவிட்ட இசை இது. மூன்று கார்டு, அதாவது கிதாரில் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு, தெரிந்தால் போதும், பாட்டு இரண்டு நிமிடம், வேகம் முக்கியம், சொல்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும். பவர் கார்டு என்பது பெரிய வித்தையே இல்லை, நம் கணக்கில் 'ச'வும் 'ப'வும் மட்டும். விரலை அதே நிலையில் வைத்துக்கொண்டு மேலும் கீழும் நகர்த்தினால் ஒரு பாட்டு ஆகிவிடும். பாடுகிறவன் என் கல்லூரி நண்பன், நிறையப் படிப்பவன், மேடை ஏறினால் வேறு ஆள். பேஸ் கிதார் வாசித்தவன் ஓசூர்க்காரன், வீட்டில் தெலுங்கு, சிப்காட்டில் ஷிப்ட் வேலை. அவனுடைய ஷிப்ட் அட்டவணைதான் ஐந்து வருடமும் எங்கள் பஞ்சாங்கம்.

சாமான் எல்லாம் பெங்களூரில் பழையது வாங்கினோம். டிரம் செட் 28,000 ரூபாய், என் பணம். இங்கே ஒரு விஷயம்: பழைய சிம்பல், அதாவது டிரம் செட்டில் வரும் உலோகத் தட்டு, வாங்கும்போது தட்டிப் பார்த்துச் சத்தம் நன்றாக இருக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் நகம் தட்டும். நான் பார்க்கவில்லை, கிராஷ் சிம்பல் நான்காவது மாதம் வாய் பிளந்துவிட்டது. விரிசல் விட்ட சிம்பல் பிழைக்காது, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம், அவ்வளவுதான். பஸ்ஸில் டிரம்மை ஏற்றியபோது கண்டக்டர் இரண்டு டிக்கெட் லக்கேஜ் போட்டுவிட்டு, "கோயில் செட்டா தம்பி?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதை விளக்கப் போனால் கிருஷ்ணகிரி வந்துவிடும்.

பயிற்சிக்குக் கிடைத்த இடம் என் பெரியப்பாவின் புளி குடோன். தருமபுரியில் புளி வியாபாரம் எவ்வளவு பெரியது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எங்கள் கிதார் பையைத் திறந்தால் இன்றைக்கும் புளி வாசம்தான். சத்தம் வெளியே போகாமல் இருக்க, இணையத்தில் பார்த்துவிட்டு முட்டைக் கடைகளில் கெஞ்சி முந்நூறு முட்டை அட்டை சேர்த்து, மூன்று நாள் உட்கார்ந்து சுவர் முழுக்க ஒட்டினோம். நாமக்கல் பக்கத்தில் இருக்கும்போது அட்டைக்கா பஞ்சம். நான்காவது நாள் வழக்கம்போல எதிர்வீட்டுத் தாத்தா தடியோடு வந்து நின்றார். முட்டை அட்டை அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும். இது எங்களுக்குப் புரிந்தது மார்ச்சில். புளி சீசன் வந்து, சுவரோரம் ஆளுயரத்துக்கு மூட்டை அடுக்கியதும் தாத்தா வரவே இல்லை. என்ன, மூட்டை அடுக்கியது போக எங்களுக்கு ஒரு கட்டில் அளவு இடம்தான் மிஞ்சியது. பாடுகிறவன் மூட்டை மேல் உட்கார்ந்து பாடுவான். எங்கள் நல்ல பாட்டெல்லாம் அந்த மார்ச், ஏப்ரலில் பிறந்தவைதான். அந்தச் சின்ன இடத்தில் காதில் எதுவும் வைக்காமல் நாளுக்கு மூன்று மணி நேரம் அடித்தேன். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100ஐத் தொட்டால் கால் மணி நேரம்தான் என்று பின்னாடி காது டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். மூடிய அறையில் டிரம் 100ஐ எப்போதோ தாண்டியிருக்கும். மருந்துக் கடையில் இருபது, முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் நுரை அடைப்பானை வாங்கி வைத்திருந்தால் இந்தக் கீச்சொலி வந்திருக்காது. இரவு மின்விசிறி நின்றால் எனக்குத் தூக்கம் போய்விடும். அந்த அமைதியில் அது நன்றாகக் கேட்கும்.

முதல் நிகழ்ச்சி ஒரு கல்யாண மண்டபத்தில், நண்பனின் நண்பனுடைய பிறந்தநாள். மைக் செட் போட வந்த அண்ணன் முப்பது வருடமாகக் கோயில் திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் போட்டவர், அஹுஜா ஆம்ப்ளிபயரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். கிதார்க்காரன் சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தான். அண்ணன் துள்ளி எழுந்தார். "தம்பி, நிறுத்து நிறுத்து, ஒயர் எங்கயோ லூஸ், இரையுது." இல்லைண்ணா, அதுதான் சவுண்டே என்றோம். சரி என்று தலையாட்டினார். ஆனால் பாட்டு நடுவே கிதார் இரையும்போதெல்லாம் அவர் கை தன்னால் போய் வால்யூமைக் குறைத்துவிட்டது. நாற்பது நிமிடமும் கிதார் இல்லாத பங்க் பாடினோம். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மணி நேரம் முன்பே போய், மைக் செட்காரரோடு டீ குடித்து, செல்போனில் இரண்டு பாட்டைப் போட்டுக் காட்டி, "இந்த மாதிரி இரைஞ்சாதான்ணா சரி" என்று சொல்லிவிடுவோம். அவர் சந்தோஷமாக இருந்தால் பாதி நிகழ்ச்சி ஜெயித்த மாதிரி. அவரிடம் இங்கிலீஷில் பேசுகிற ஆள் உங்கள் குழுவில் இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள்.

பாட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சண்டையின் வேர் அங்கேயும் இருந்தது. எங்களுக்கு விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2013இல் நடைமுறைக்கு வந்தது, ஆனால் அதற்கு முன்னால் போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் அந்தக் காவிக்கறை அப்படியேதான் இருக்கிறது. எங்கள் முதல் பாட்டு அதுதான்: "சிரிக்கச் சொன்னான் போட்டோக்காரன், வாயை மூடிச் சிரிச்சா எங்க அக்கா." இரண்டாவது கிருஷ்ணகிரி மாங்காய். கூழ் தொழிற்சாலைக்குப் போகும் பெங்களூரா மாங்காயின் விலை சரியும் வருடங்களில் பறிகூலி கட்டாமல் மரத்திலேயே விடுகிறார்களே, அதைப் பற்றி. மூன்றாவது வாச்சாத்தி. 1992 ஜூன் 20, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீஸும் வருவாய்த் துறையும் சேர்ந்து அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்து மக்களை அடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தது எல்லோருக்கும் தெரியும். 2011இல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் மற்ற 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். பாடுகிறவன் ஒரே ராத்திரியில் எழுதி வந்தான். ஆவேசமான பாட்டு. முதல் முறை பாடியபோது அரூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர் நிகழ்ச்சி முடிந்து காத்திருந்து, "நல்லா இருக்கு தம்பி. நீங்க அந்த ஊருக்குப் போயிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார். போனதில்லை. பெண்களுக்கு நடந்ததை வரிக்கு வரி விவரித்திருந்தோம். அந்த வரிகளை எடுத்துவிட்டு, தேதியையும் எண்களையும் மட்டும் கத்துகிற மாதிரி மாற்றினோம். பாட்டு அப்போதுதான் சொந்தக் காலில் நின்றது.

நாலாவது பாட்டு எழுதப்படவே இல்லை. 2012 நவம்பரில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் காலனிகளைக் கொளுத்தியதைப் பற்றி எழுதலாம் என்று பாடுகிறவன் ஆரம்பித்தான். கிதார்க்காரன் டியூன் செய்துகொண்டிருந்தவன் தலை நிமிராமல், "அத நான் எழுதறப்ப எழுதறேன். நீ எழுதாத மச்சான்" என்றான். குடோனில் கொஞ்ச நேரம் எறும்பு ஊர்கிற சத்தம் கேட்டது. எங்கள் நால்வரில் காலனியிலிருந்து வந்தவன் அவன் ஒருவன்தான். இதை நாங்கள் மற்ற மூவரும் ஒரு முறைகூட வாய்விட்டுப் பேசியதில்லை. சாதியைப் பற்றி மேடையில் கத்துகிறோம், நமக்குள் என்ன பேச்சு என்று இருந்துவிட்டோம்.

2019இல் வெளி மேடை ஒன்று. ஒலிபெருக்கி வைக்க ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் வருட ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. இது தெரிந்தால் உங்களுக்குத்தான் நல்லது, நிகழ்ச்சியை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடலாம். கடிதம் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். நாங்கள் வாங்கவில்லை, நிகழ்ச்சியன்று "கடிதமே வரலையே" என்றார்கள். ஆனால் அது பெரிய விஷயமில்லை. அந்தக் கடிதத்தில் நான்கு பேர் பெயரும் முகவரியும் இருந்தன. இரண்டு நாள் கழித்து, இரவு ஒன்பதரைக்கு, ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் விசாரிக்க ஆள் போனது. யார் வீடு என்று சொல்ல வேண்டியதில்லை. "பையன் எந்த அமைப்புல இருக்கான்" என்று அவன் அம்மாவைக் கேட்டிருக்கிறார்கள். அவர் ஒரு மாதம் அவனை வெளியே விடவில்லை. ஓசூரில் கிடைத்திருந்த ஒப்பந்த வேலைக்கும் அந்த மாதம் போக முடியாமல் அது கைவிட்டுப் போனது. எனக்கு இதில் தாங்க முடியாதது அடுத்து நான் செய்ததுதான். அதைக் கதையாக்கிவிட்டேன். பெங்களூர் மேடையில் மைக்கைப் பிடித்து "எங்க வீட்டுக்கே போலீஸ் வந்துச்சு" என்றேன். கைதட்டல். என் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அவன் எனக்கு நான்கு அடி தள்ளி நின்று கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

அரசியல் பாட்டு பாடப் போகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். ஆபத்து எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது. யார் வீட்டுக் கதவு முதலில் தட்டப்படும் என்பதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள். கடிதத்தில் போகும் முகவரி, அந்த ஊரில் யாரும் சட்டென்று போய் மிரட்ட முடியாத வீட்டு முகவரியாக இருக்கட்டும். வீட்டில் அம்மா அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள், போலீஸ் வாயால் அவர்கள் கேள்விப்பட வேண்டாம். தெரிந்த வக்கீல் ஒருவரின் எண் நான்கு போனிலும் இருக்கட்டும். 2015இல் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடியதற்காகப் பாடகர் கோவனை வீட்டிலிருந்து கைது செய்து கொண்டுபோன நாடு இது. பெரிய பேண்ட் சின்ன பேண்ட் என்று பார்க்க மாட்டார்கள்.

இப்போது அந்த ஒருவர். காரிமங்கலம் பக்கத்தில் பம்பை மேளம் அடிக்கும் பெரியவர். பங்க் வேகத்துக்கும் பம்பைக்கும் அப்படிப் பொருந்தும் என்று எனக்கு ஒரு கிறுக்கு, இரண்டு நிகழ்ச்சிக்கு அவரைக் கூட்டி வந்தோம். பம்பையை மாட்டி, வளைந்த குச்சியால் ஒரு அடி அடித்தாரென்றால் என் 28,000 ரூபாய் செட் தகரம் மாதிரி இருக்கும். பேசப் போனபோது வெற்றிலை பாக்கோடு 500 ரூபாய் அச்சாரம் வைக்கச் சொன்னார். தொகை சின்னதோ பெரிதோ, அச்சாரம் கைமாறாமல் அவர் வீட்டைவிட்டு இறங்க மாட்டார். நிகழ்ச்சி முடிந்து வேனில் திரும்பும்போது எங்களிடம், "எப்படிப் பிரிச்சுக்குவீங்க?" என்று கேட்டார். நாங்க பிரிக்கறதில்ல தாத்தா, பெட்டியில போட்டு வெச்சிருக்கோம் என்றோம். பெட்டி யாருகிட்ட? பாடுறவன்கிட்ட. அவர் சிரித்தார். "நாங்க அந்த எடத்துலயே, வண்டி ஏறறதுக்கு முன்னாடி பிரிச்சிடுவோம். ஆளுக்கு ஒரு பங்கு, பம்பைக்கு ஒரு பங்கு. தோலு கிழிஞ்சா யாரு குடுப்பாங்க? அதுக்கு அதுவே சம்பாரிச்சு வெச்சுக்கணும்." வேனில் எல்லோரும் ஆகா என்றோம். பேஸ்காரன் செல்போனில் குறித்துக்கூட வைத்தான். செய்யவில்லை. பணம் பற்றிப் பேசுவது எங்களுக்கு அசிங்கமாக இருந்தது. நாம் வியாபாரிகளா, இயக்கம் மாதிரி நடத்துகிறோம் என்று பாடுகிறவன் சொல்வான், நாங்களும் தலையாட்டுவோம். என் டிரம் தோலை ஐந்து வருடமும் நானே மாற்றினேன். தோல், சிம்பல், குச்சி என்று மொத்தம் 14,500.

2020 ஊரடங்கில் போனது. 2021இல் பெங்களூரில் நான்கு பாட்டு பதிவு செய்தோம். ஸ்டுடியோ மணிக்கு 800 வீதம் 40 மணி நேரம், மிக்ஸிங் பாட்டுக்கு 5,000, ஆக 52,000. என் கிரெடிட் கார்டில் 30,000, பாடுகிறவன் 22,000. நாற்பது மணி நேரத்தில் பாதி நேரம் ஸ்டுடியோவுக்குள் உட்கார்ந்து பாட்டின் நடுப்பகுதி எப்படி இருக்க வேண்டும் என்று சண்டை போட்டதில் போனது. அந்தச் சண்டையைப் புளி குடோனில் இலவசமாகப் போட்டிருக்கலாம். பாட்டுகளை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றும் கணக்கைப் பாடுகிறவன் தன் மின்னஞ்சலில் தொடங்கினான். ஓடிபி வருவதற்கு மட்டும் பேண்டுக்கென்று ஒரு பொது சிம் வாங்கினோம். வரிகள், மெட்டு, தயாரிப்பு எல்லா இடத்திலும் அவன் பெயர். கெட்ட எண்ணம் இல்லை, படிவத்தில் ஒரு பெயர்தான் கேட்டது என்றான், அது உண்மையாகவும் இருக்கலாம். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: நம் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டுக்குள் மூன்று உரிமை இருக்கிறது. வரி எழுதியவருக்கு ஒன்று, மெட்டு போட்டவருக்கு ஒன்று, பதிவுக்கு முன்கை எடுத்துப் பொறுப்பேற்ற தயாரிப்பாளருக்கு ஒன்று. அரசிடம் பதிவு செய்தால்தான் உரிமை என்றில்லை, ஆனால் யார் எதைச் செய்தார்கள் என்று எழுத்தில் இல்லையென்றால் பின்னால் ஆளுக்கொரு ஞாபகம். ஸ்டுடியோவுக்குள் போவதற்கு முன் ஒரு தாளில் பாட்டு வாரியாக, சதவீதத்தோடு எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. பெயரையும் சேர்த்து எழுதுங்கள், ஒருவர் விலகினால் பெயர் யாருக்கு என்று. வசதி இருந்தால் வணிகச் சின்னமாக, பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41ஆம் வகுப்பில் பதியலாம், தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பின்னால் எங்களிடம் விற்காமல் தங்கிப்போன டி-ஷர்ட்டுகளின் விலையைவிட அது குறைவு.

2022 ஆகஸ்டில் புளோரைடு பாட்டின் ஒரு நிமிடத் துண்டை யாரோ செல்போனில் எடுத்துப் போட, அது சுற்றத் தொடங்கியது. ஒரு வாரத்தில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்த வாத்தியார் வரை பார்த்துவிட்டார். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூப்பிட்டார்கள். அந்த மூன்று மாதம் எப்படி இருந்தது என்று மறைக்க விரும்பவில்லை, அப்படியொரு சந்தோஷம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பாலக்கோட்டில் நாங்கள் பாடியபோது ஒரு பெண் பிள்ளை வாயை மூடாமல் சிரித்தாள், நான் அடிக்க மறந்து இரண்டு தாளம் விட்டேன். அந்த வேகத்தில்தான் 210 ரூபாய் வீதம் நூறு டி-ஷர்ட் அடித்தேன், 21,000. அறுபத்தொன்று போனது. பணம் பெட்டிக்குப் போய் டீசலானது. மிச்சம் முப்பத்தொன்பதில் பெரும்பாலும் டபுள் எக்ஸ்எல், சைஸ் கேட்காமல் அடித்த புத்திசாலித்தனம். கொச்சியில் ஒரு விழாவுக்கு 40,000 என்று வாட்ஸ்அப்பில் பேசி முடித்தார்கள். வேனுக்கும் தங்க இடத்துக்கும் நான் 18,600 கட்டினேன். கிளம்ப இரண்டு நாள் இருக்கையில் நிகழ்ச்சி ரத்து, அதற்கப்புறம் அந்த எண் எடுக்கவே இல்லை. பம்பைத் தாத்தாவின் 500 ரூபாய் அச்சாரம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. குறைந்தது பாதித் தொகை முன்பணமாகக் கணக்கில் ஏறாமல் ஒரு டிக்கெட்கூடப் போடாதீர்கள். தோழர் என்று கூப்பிடுகிறவரிடம் இன்னும் கறாராக இருங்கள்.

உடைந்தது ஒரு கட்சியின் இளைஞர் அணி விழா அழைப்பில். 60,000 ரூபாய். எந்தக் கட்சி என்பது வேண்டாம். பாடுகிறவன் போகலாம் என்றான், கடன் அடையும், நம் பாட்டைத்தானே பாடப் போகிறோம் என்றான். எனக்கும் கார்டு பாக்கி கண்முன் ஆடியது, பேசாமல் இருந்தேன். கிதார்க்காரன் முடியாது என்றான். அவன் ஊர்ப்பக்கம் அந்தக் கட்சிக்காரர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்பது அவனுக்குத் தெரியும். பேச்சு கொள்கையில் ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் கணக்குக்கு வந்துவிட்டது. பெட்டியில எவ்ளோ இருக்கு? யார் எடுத்தது? அந்த ஆம்ப் யாருது? பாடுகிறவன், "என் குரல் இல்லாம இது எது?" என்றான். கிதார்க்காரன் ரொம்ப அமைதியாக, "எங்க அம்மா இல்லாம உங்க மேடைக் கதை எது?" என்றான். அது எனக்கும் சேர்த்து விழுந்த அடி. கிதாரைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தான், பாதியில் சிக்கிக்கொண்டது, அப்படியே தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். பேஸ்காரன் நைட் ஷிப்ட் என்று சொல்லிக் கிளம்பினான். அன்று அவனுக்கு ஷிப்ட் இல்லை என்பது என் செல்போனில் இருந்த அட்டவணையில் தெளிவாக இருந்தது.

டெட் கென்னடிஸ் என்று 1978இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய பேண்ட், முதலாளித்துவத்தைக் கிழித்துத் தொங்கவிட்டவர்கள், கடைசியில் ராயல்டி கணக்குக்காகப் பழைய உறுப்பினர்கள் தங்கள் பாடகர் மேலேயே வழக்குப் போட்டு, 2000இல் ஜூரி பாடகருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. இந்தக் கதை எங்கள் பாடகனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், எனக்குச் சொன்னதே அவன்தான். குடோனில், மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு.

2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் வாச்சாத்தி வழக்கில் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து தண்டனையை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. முப்பத்தொரு வருடம். அன்றைக்கு எங்கள் பாட்டைத் தேடிப் பலர் பகிர்ந்தார்கள். நான்கு பேரும் பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு ஊரில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பாட்டில் வரும் பணம் ஒரு ரூபாயானாலும் அந்த ஊருக்குப் போக வேண்டும் என்று முன்பு வாய்வார்த்தையாகப் பேசியிருந்தோம். சரி, அதையாவது செய்வோம் என்று வெட்கத்தை விட்டுப் பாடுகிறவனுக்குப் போன் செய்தேன். அவன் புனேயில் வேலைக்குப் போய்விட்டிருந்தான். கோபமாகப் பேசவில்லை. கடவுச்சொல் மறந்துவிட்டது, மீட்டெடுக்கப் போனால் ஓடிபி அந்தப் பொது சிம்முக்குப் போகிறது என்றான். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்வது யார் பொறுப்பு என்று நாங்கள் எழுதி வைக்கவில்லை, பிரிந்த பிறகு யாரும் செய்யவில்லை. 90 நாள் உபயோகம் இல்லையென்றால் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பிறகு அந்த எண்ணை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

சில மாதம் கழித்து அந்த எண்ணுக்கே கூப்பிட்டுப் பார்த்தேன். மணி அடித்தது. ஒரு அம்மா எடுத்தார், பின்னால் மாடு கத்தியது. விஷயத்தை முடிந்தவரை சுருக்கமாகச் சொன்னேன். "ஆமாப்பா, அப்பப்ப ஏதோ நம்பர் வருது இதுல, யாருதோன்னு அழிச்சிடுவேன்" என்றார். இப்ப ஒண்ணு வரும்மா, அதை மட்டும் படிச்சுச் சொல்றீங்களா என்று கெஞ்சினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஓடிபியெல்லாம் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எம்பையன் சொல்லியிருக்கான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.